ஆரணி மகளிரின் ஓய்வுநாள் உடைத் தொகுதி: வரையறையும் வகைப்பாடும்

ஆரணிப் பட்டைப் பற்றிப் பேசுவோர் முகூர்த்த நாளைப் பற்றியே பேசுகின்றனர். புடவையின் உடல், கரை, முந்தி ஆகியவற்றுக்குத் தனித்தனி இலக்கணம் உண்டு. புவிசார் குறியீடும் உண்டு. ஆனால் கமண்டல நாக நதிக் கரையில் அந்தப் புடவையை நெய்தும், அதற்கு ஊடைப் பட்டைத் தாரில் சுற்றியும், அதை விற்றும் வாழும் ஊரின் பெண்கள் முகூர்த்தமில்லாத ஓய்வுநாளில் எதை உடுத்த வேண்டும் என்பதற்கு இலக்கணம் இன்னும் வகுக்கப்படவில்லை. ஓர் ஆண்டில் உடலோடு இருக்கும் நேரத்தை அளவுகோலாகக் கொண்டால் ஓய்வுநாள் உடையே முதலிடம் பெறும். முகூர்த்த உடை அதற்கு வெகுதூரம் பிற்பட்டு நிற்கும். ஆகவே அந்த உடைத் தொகுதி எவற்றால் ஆனது, எந்த முறையில் சேர்க்கப்பட வேண்டும், எத்தனை உருப்படிகளோடு நிறைவு பெறும் என்பவற்றை நிறுவுதல் அவசியமாகிறது.

உடைக்கு முன் நாளை வரையறுக்க வேண்டும். வார விடுமுறை எல்லாத் தொழிலுக்கும் ஒரே வழியாக வந்து சேரவில்லை. பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் நாராயண் மேகாஜி லோகாண்டேயின் தலைமையில் முயன்று 1890-இல் ஞாயிற்றுக்கிழமையைப் பெற்றனர். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வை விதியாக்கியது. 2015 செப்டம்பர் முதல் வங்கிகள் மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளிலும் மூடப்படுகின்றன. வீட்டுக்குள் குழி எடுத்து அமைத்த கைத்தறி இம்மூன்றில் எதனுள்ளும் அடங்காது. நெசவுத் தெருவின் மரபுவழி விடுமுறை அமாவாசை.

ஒரே வீட்டில் மாமியார் தார் சுற்றுபவராகவும், மருமகள் வங்கியில் பணிபுரிபவராகவும், பேத்தி கல்லூரி மாணவியாகவும் இருத்தல் ஆரணியில் இயல்பு. அவ்வீட்டில் மூன்று வகை ஓய்வுநாள்கள் உள்ளன. முதலாவதைச் சந்திரன் முடிவு செய்கிறது. இரண்டாவதை அரசு அறிவிக்கை முடிவு செய்கிறது. மூன்றாவதைக் கல்லூரி முதல்வர் முடிவு செய்கிறார். ஆண்டுக்கு 12 அல்லது 13 அமாவாசைகள் வரும். அவற்றுள் ஞாயிற்றுக்கிழமையில் விழுபவை சராசரியாக இரண்டுக்கும் குறைவு. மூவரும் ஒருங்கே ஓய்ந்திருக்கும் நாள் அவ்வளவு அரிதாயிருப்பதால், அந்த நாளுக்குரிய உடையைத் தனி இனமாகக் கருத வேண்டுமா என்ற கேள்வி எழுகிறது.

வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. ஞாயிறு கறி எடுக்கும் நாள். அமாவாசை படையல் போடும் நாள். ஞாயிறு காலையில் தலைக்குக் குளித்தலைப் பத்து மணிவரையும் தள்ளிப் போடலாம். அமாவாசையில் குளித்த பிறகே அடுப்பு. ஞாயிறன்று எழுந்தபோது உடுத்தியிருந்த நைட்டியோடே பகல் உணவுவரை இருக்கலாம். அமாவாசையில் படையல் முடிந்து காக்கைக்குச் சோறு வைக்கும்வரை புடவை. இரண்டும் ஒரே நாளில் வந்தால் முற்பகல் அமாவாசைக்கும் பிற்பகல் ஞாயிற்றுக்கும் உரியது என்பதே சரியான முடிவு. அதாவது அந்நாளில் காகம் உண்ட பிறகே நைட்டி. இதற்கு மாறாக, நாள் முழுதும் அமாவாசையே மேலோங்கும் என்று வாதிடும் மூத்தோர் உளர். அவர்களுடைய வாதம் கறியைப் பொறுத்தவரை வலுவானது. உடையைப் பொறுத்தவரை போதிய ஆதாரமற்றது.

அடுத்து இடம். பிற ஊர்களில் வேலைக்குச் சென்ற பெண் வீடு திரும்பியதும் உடை மாற்றுகிறாள். அந்த மாற்றமே ஓய்வின் தொடக்கம். நெசவு வீட்டில் திரும்புதல் என்பதே கிடையாது, ஏனெனில் புறப்படுதல் இல்லை. நடையில் தறி, அதன் பக்கத்தில் ராட்டை, ராட்டைக்கு நான்கு எட்டில் அடுப்படி. ஊடைப் பட்டைத் தாரில் சுற்றிக்கொண்டிருக்கும் பெண் குக்கரின் மூன்றாவது விசிலுக்கு எழுந்து சென்று அணைத்துவிட்டு வந்து மறுபடி சுற்றுகிறாள். வேலைக்கும் ஓய்வுக்கும் அவள் உடுத்துவது ஒரே நைட்டி. எனவே உடையின் பெயரைக் கொண்டு மட்டும் ஓய்வை அறிய இயலாது. அது உடம்பில் எவ்வாறு கிடக்கிறது என்பதைக் கொண்டே அறிய வேண்டும். மேலே இட்ட துப்பட்டா இடுப்பைச் சுற்றி இழுத்து முடியப்பட்டிருந்தால் வேலை நடக்கிறது. அதே துப்பட்டா இரு தோளிலும் தளரக் கிடந்தால் ஓய்வு. ஒரு தோளில் மட்டும் கிடந்தால் பக்கத்து வீட்டார் வந்து பேசிக்கொண்டிருக்கிறார், முடிவு தெரியவில்லை.

தறியும் தன் பங்குக்குச் சில தடைகளை விதிக்கிறது. கண்ணாடி வளையலின் விளிம்பு ஜரிகையைச் சிராய்க்கும். தலையில் தேய்த்த எண்ணெய் கை வழியே வெளிர்நிறப் பட்டில் ஏறும். குழித்தறியில் அமர்ந்து கால் மிதிக்கும்போது தொங்கும் துணி மிதிக்கட்டையில் சிக்கும். ஆதலால் தறி ஓடும் நாளில் விலக்கப்பட்ட மூன்று, அதாவது கண்ணாடி வளையல், எண்ணெய்த் தலை, தொங்கும் முனை ஆகியவை, தறி நின்ற நாளில் ஒருசேரத் திரும்பி வருகின்றன. ஆரணியில் ஓய்வுநாள் உடையின் தனித்தன்மை இதில்தான் உள்ளது. வேறு ஊர்களில் ஓய்வுநாள் உடை என்பது குறைத்து உடுத்துதல். இங்கே அது வளையலையும் தொங்கலையும் கூட்டி உடுத்துதல்.

இனி எல்லைக் கோட்பாடு. ஓய்வுநாளில் ஒரு பெண் உடுத்தத் தக்கது எது என்பதை அவளுடைய விருப்பமோ பருவமோ முடிவு செய்வதைவிட வாசற்படியிலிருந்து உள்ள தொலைவே மிகுதியாக முடிவு செய்கிறது. முதல் எல்லை அடுப்படியிலிருந்து வாசற்படியின் உட்புறம்வரை. இங்கு நைட்டி தனித்து ஆட்சி செய்யும். இரண்டாம் எல்லை வாசற்படியின் வெளிப்புறம், கோலமிடும் இடம், தெருக்குழாய், காய்கறித் தள்ளுவண்டி நிற்கும் இடம் ஆகியவை. இங்கு நைட்டியின்மேல் ஒரு துண்டேனும் வேண்டும். மூன்றாம் எல்லை தெருமுனைக் கடை. நான்காவது, மெயின் ரோட்டைக் கடந்தபின் வரும் கடைத்தெரு. ஐந்தாவது, பேருந்து ஏறிச் செல்லும் எதுவும்.

இவற்றுள் இரண்டாம் எல்லைக்குரிய துண்டு சற்று விரிவான ஆய்வுக்கு உரியது. அது உடலை மறைப்பதற்காக இடப்படுகிறது என்ற கருத்துப் பரவலாக உள்ளது. ஆனால் அது சோதனைக்கு நிற்பதில்லை. நைட்டி கழுத்து முதல் கணுக்கால்வரை தளர்ந்து தொங்கும் ஆடை. இடுப்பை விட்டுவைக்கும் புடவையைவிட அது மறைக்கும் பரப்பு அதிகம். ஆயினும் புடவைக்குத் துண்டு வேண்டியதில்லை, நைட்டிக்கு வேண்டும். மேலும், அவசரத்துக்கு எடுக்கப்படும் துணிகளை நோக்கினால் உண்மை தெளிவாகும். குழந்தையின் தலை துவட்டிய ஈரத்துண்டு, கொடியில் கிடந்த கணவரின் ஈரிழைத் துண்டு, பள்ளிச் சீருடையின் துப்பட்டா ஆகிய எதுவும் ஏற்கப்படுகிறது. கூரியர்காரர் குரல் கொடுத்ததும் தலையணை உறையைத் தோளில் இட்டுக்கொண்டு கையெழுத்திட வருதலும் உண்டு. அதையும் தெரு ஏற்றுக்கொள்கிறது. பரப்பளவு பொருட்டாயின் தலையணை உறை தள்ளப்பட்டிருக்க வேண்டும். தள்ளப்படவில்லை. எனவே பொருட்டாவது தோளில் இரண்டாவது துணி ஒன்று இருக்கிறது என்ற நிலைமையே. முந்தானையும் தாவணியும் நெடுங்காலம் இருந்துவந்த இடத்தைத் தமிழ்ப் பெண்ணின் தோள் காலியாக விட மறுக்கிறது. நைட்டி மேலை நாட்டுப் படுக்கையறையிலிருந்து வந்த தைத்த உடை; துண்டை ஏற்ற பிறகே அது இவ்வூரின் உடையாயிற்று.

மூன்றாம் எல்லையில் கருத்து வேறுபாடு மிகுதி. தெருமுனைக் கடைக்கு நைட்டியோடு செல்லலாமா? கூடாது என்போர் கடை ஒரு பொது இடம் என்கின்றனர். கூடும் என்போர் கடை வாசலிலிருந்து பார்த்தாலே தெரிகிறது என்கின்றனர். இரண்டும் போதுமான அளவுகோல்கள் ஆகா. கடைக்காரரை எந்த உறவுமுறை சொல்லி அழைக்கிறார்கள் என்பதே தீர்ப்பளிக்க வேண்டும். “அண்ணா, ஒரு தயிர் பாக்கெட்” என்று கேட்கும் கடைவரை வாசற்படி நீள்கிறது. அங்கு நைட்டியும் துப்பட்டாவும் போதும். “சார், இந்த மாத்திரை இருக்கா?” என்று கேட்க வேண்டிய மருந்துக்கடை எதிர்வீட்டின் முன்னறையிலேயே இருந்தாலும் அது நான்காம் எல்லையைச் சேர்ந்தது, அதற்குச் சுடிதாராவது வேண்டும். தெருமுனையில் துண்டு செல்லாது, துப்பட்டாதான் செல்லும் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். துண்டு இரண்டாம் எல்லையோடு நின்றுவிடுகிறது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஸ்கூட்டியில் பிள்ளையை டியூஷனுக்குக் கொண்டுபோய் விடும் தாய் நைட்டியோடு, துப்பட்டா இட்டு, மெயின் ரோட்டைக் கடந்தும் செல்கிறாள். இது மீறல் ஆகாது. வண்டியிலிருந்து இறங்காதவரை அவள் வெளியே சென்றவளாகக் கருதப்படுவதில்லை. வழியில் பழக்கடையில் நின்றால் இடக்காலைத் தரையில் ஊன்றலாம்; வலக்கால் வண்டியிலேயே இருக்க வேண்டும். இரு கால்களும் தரையில் பட்டால் நைட்டி தன் உரிமையை இழக்கிறது.

வாகனத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் சட்டத்தையும் நோக்குதல் தகும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இருசக்கர வண்டியின் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத பரப்பை மூடும் காப்புச் சாதனம் பொருத்தப்பட வேண்டும் என்கின்றன. பின்னால் அமர்வோரின் உடை சக்கரத்தில் சிக்காதிருப்பதற்காகவே இந்த ஏற்பாடு. வழக்கில் அதன் பெயர் சேலைக் காப்பு. ஓய்வுநாளில் முந்தானையும் துப்பட்டாவும் எங்கே பறக்கும் என்பதை நாட்டின் சட்டமே முன்கூட்டிச் சிந்தித்திருக்கிறது என்பதற்கு இது சான்று. காப்பைக் கழற்றிவிட்டு அழகுக்காக வண்டியை வெறுமையாக ஓட்டும் இளைஞரின் பின்னால் புடவையோ துப்பட்டாவோ அணிந்து அமர்தல் கூடாது.

இனித் துணியின் இயல்பு. வேலூர்ப் பக்கத்துக் கோடையில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஆரணிக்கும் அதில் விலக்கில்லை. காற்றிலிருந்து ஈரத்தை ஏற்கும் ஆற்றலில் பருத்திக்கு 8.5 விழுக்காடு, பட்டுக்கு 11, பாலியஸ்டருக்கு 0.4. இந்த எண்களை மட்டும் வைத்துத் தீர்ப்பளித்தால் ஞாயிற்றுக்கிழமை நைட்டியைப் பட்டில் தைக்க வேண்டும். தீர்ப்பை மாற்றுவது துவைக்கும் கல். பட்டு புரதத்தால் ஆனது. சவுக்காரத்தின் காரம் அதைத் தின்னும். நனைந்த நிலையில் அதன் வலிமை குறையும். வெயிலில் காய வைத்தால் மஞ்சளிக்கும். பருத்தியோ நனைந்தபோது உலர்ந்த நிலையைவிட வலிமை பெறுகிறது. சோடாவையும் கல்லையும் வெயிலையும் தாங்குகிறது. ரேயான் தொடுவதற்கு மென்மையாகவும் விலைக்கு எளிதாகவும் இருப்பதால் பலரைக் கவர்கிறது. ஆனால் நனைந்ததும் அது தன் வலிமையில் ஏறக்குறையப் பாதியை இழப்பதால், பிழியும்போது தோள் தையலில் விட்டுவிடுகிறது. ஆகவே நைட்டி பருத்தியாகவே இருக்க வேண்டும். நிறம் மெரூன், கருநீலம், கரும்பச்சை ஆகியவற்றுள் ஒன்று; மஞ்சள், குழம்பு, சாயப்பட்டறைக் கறை ஆகிய மூன்றையும் இம்மூன்று நிறங்களே மன்னிக்கின்றன. முன்புறம் ஜிப்பா பட்டனா என்பது பெரிதன்று. பக்கவாட்டில் செல்பேசி வைக்கும் பை உண்டா என்பது பெரிது. பை இல்லாத நைட்டியில் செல்பேசி அரிசி டப்பாவின் மூடிமேல் வைக்கப்பட்டு, பின்னர் அரை மணிநேரம் தேடப்படுகிறது.

சூரத்திலிருந்து வரும் பூனம் வகைச் செயற்கையிழைப் புடவையைத் தொகுதியில் சேர்ப்பதா என்பது கடினமான வினா. இஸ்திரி வேண்டாம், பிழிந்து உதறினால் ஒரு மணிநேரத்தில் காயும், விலை குறைவு. இவை மெய்யான நற்பண்புகள். ஆனால் 0.4 விழுக்காட்டின் விளைவைச் சித்திரை வெயிலில் முதுகு அறியும். அதைவிட முதன்மையான காரணம், பாலியஸ்டர் நெருப்பில் உருகித் தோலில் ஒட்டும். ஓய்வுநாளில் ஆரணிப் பெண் அடுப்படியில் நிற்கும் நேரம் வேலைநாளைவிடக் கூடுதல் என்பதால், இந்தப் புடவைக்கு அடுப்படியில் இடமில்லை. அடுப்படியில் இடமில்லாத உடை எளிய ஓய்வுநாள் உடை ஆகாது. பேருந்துப் பயணத்துக்கு மட்டும் அதை வைத்திருப்போரைக் குறைகூற இயலாது.

சுடிதாரின் எல்லை மாவட்ட எல்லையோடு தொடர்புடையது. கல்லூரிப் பெண்ணுக்குக் குர்த்தியும் லெக்கின்ஸும் எங்கும் செல்லும். லெக்கின்ஸின் நீட்சிக்குக் காரணமான இழை 1958-இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் கண்டது. பட்டுக்கு இல்லாத அந்தக் குணம் பேருந்துப் படி ஏறும்போது வெளிப்படுகிறது. நாற்பதைக் கடந்த பெண்ணின் நிலை வேறு. அவளுக்குச் சுடிதார் வெளியூர் உடை. திருப்பதி, சென்னை, மகன் பணிபுரியும் பெங்களூர் ஆகிய இடங்களில் அவள் அதைத் தயக்கமின்றி அணிகிறாள். ஊர் திரும்பும் பேருந்து நிலையத்தை நெருங்கும்போதே துப்பட்டாவைச் சரிசெய்யத் தொடங்குகிறாள். வெளியூர் எங்கே தொடங்குகிறது? போளூரும் படவேடும் உள்ளூர் என்பதில் ஐயமில்லை; அங்கெல்லாம் புடவைதான். வேலூரைப் பற்றியே தடுமாற்றம். 1989-இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டு ஆரணி திருவண்ணாமலையோடு சேர்ந்தபின் வேலூர் சட்டப்படி வேறு மாவட்டமாகிவிட்டது. ஆனால் உடைவழக்கு அந்தப் பிரிவினையை இன்னும் ஏற்கவில்லை. வேலூருக்குச் சுடிதாரில் புறப்படும் பெண்ணை மாமியார் “இங்க இருக்கிற வேலூருக்கா?” என்று கேட்கும் கேள்வி, பழைய மாவட்ட எல்லை நடைமுறையில் உயிரோடிருப்பதைக் காட்டுகிறது. காஞ்சிபுரம் சிக்கலற்றது. அங்கே செல்லும் ஆரணிப் பெண் எந்த வயதினளாயினும் ஆரணிப் பட்டே உடுத்த வேண்டும். இது மரியாதை சார்ந்த விதி.

துணைக்கருவிகளுள் ஊக்கு ஒன்றைத் தவிர மற்றவை விவாதத்துக்கு உரியவை அல்ல. 1849-இல் நியூயார்க்கில் வால்டர் ஹன்ட் காப்புரிமை பெற்ற இந்தக் கம்பித்துண்டு இல்லையேல் மூன்றாம் எல்லைக்கு அப்பால் எந்த உடையும் நிலைக்காது. சிறிய ஊக்கு கொசுவத்துக்கு, நடுத்தரம் தோளுக்கு, பெரியது இன்ஸ்கர்ட் நாடா அறுந்த நாளுக்கு. அதை எங்கே வைத்திருப்பது என்ற சிக்கலுக்கு ஆரணிப் பெண் கண்ட தீர்வு தாலிச் சரடு. ஒன்று போதாது என்று கருதுவோர் வளையலிலும் ஒன்று மாட்டியிருப்பர். தெருவில் யாருக்கு எப்போது செருப்பு வார் அறுந்தாலும் ஊக்கு அங்கிருந்தே வருகிறது. திருப்பித் தரப்படுவதில்லை, எதிர்பார்க்கப்படுவதும் இல்லை.

இவ்வுடைகள் எவ்வாறு வந்து சேர்கின்றன என்பதை இனி ஆராயலாம். கடைக்குச் சென்று ஓய்வுநாள் உடை என்று கேட்டு வாங்குவது ஆரணியின் முறை ஆகாது. நைட்டியும் லெக்கின்ஸும் மட்டும் ஆடித் தள்ளுபடியில் வாங்கப்படும். மற்றவை இறங்கி வருகின்றன. பீரோவின் மேல்தட்டில் விசேஷப் புடவை; அதன்கீழ் கோயிலுக்குக் கட்டுவது; அதன்கீழ் வெளியே கட்டுவது; அடித்தட்டில் வீட்டுக்குக் கட்டுவது. இந்நான்கும் பெண்கள் வழங்கும் பெயர்கள். ஒவ்வொரு புடவையும் மேலிருந்து கீழாக ஒவ்வொரு தட்டாக இறங்கும். இறங்குவதற்கு உரிய காரணங்கள் மூன்று: கறை, புதுவரவு, நாத்தனார் அதேபோல் ஒன்று எடுத்துவிடுதல். பருத்திப் புடவை அடித்தட்டையும் கடந்து தூளியாகிறது. பலமுறை துவைத்துப் பதமான நூல்புடவையைப் போலக் குழந்தையைத் தாங்கும் துணி வேறில்லை. அதன்பின் அது பாத்திரம் இறக்கும் பிடிதுணி, அதன்பின் மிதியடி.

இறக்கத்தைப் போலவே ஏற்றமும் உண்டு. பள்ளிக்கு அன்றாடம் உடுத்திச் சென்ற பாவாடை தாவணி இன்று மஞ்சள் நீராட்டு விழாவுக்கும் பொங்கலுக்கும் உரிய மேல்தட்டு உடை. வயலில் உடுத்திய கண்டாங்கி 2019-இல் புவிசார் குறியீடு பெற்றுப் பேராசிரியைகளின் உடையாயிற்று. ஏற்றம் பெற்ற உடையை ஓய்வுநாளுக்கு எதிர்பார்த்தல் பயனற்றது; அது இனி இறங்க வெகுகாலம் ஆகும். தொகுதியில் வைக்கத் தக்கது இன்னும் ஏற்றம் பெறாத, கட்டம் போட்ட, கைத்தறிப் பருத்திப் புடவை. அதற்குக் கஞ்சி வேண்டும் என்பதைச் சிலர் குறையாகக் கூறுவர். பட்டைப் போலவே அரிசிக்கும் பெயர்பெற்ற ஆரணியில் வடிகஞ்சிக்குப் பஞ்சமில்லை. விடியற்காலையில் தெருவில் நீட்டிக் கட்டிய பாவுக்குக் கஞ்சி தெளிக்கும் ஊர், ஞாயிற்றுக்கிழமைப் புடவைக்கு அதே கஞ்சியை மறுப்பது முறையன்று. கஞ்சி இளம்பதமாக இருக்க வேண்டும். மொடமொடவென நிற்கும் புடவை அலுவலகத்துக்கு உரியது. அதை உடுத்தித் தரையில் அமர்ந்து பூண்டு உரிக்க இயலாது.

பட்டுக்கு இத்தொகுதியில் இடம் உண்டா என்பதே இறுதியானதும் தலையாயதுமான வினா. துவைக்கும் கல்லை முன்னிட்டுப் பட்டு நைட்டி விலக்கப்பட்டதைக் கொண்டு பட்டு முழுவதும் விலக்கப்பட்டது என முடிவு செய்தல் தவறு. ஆரணிப் பட்டு காஞ்சிப் பட்டைவிட எடை குறைந்தது. கரையும் ஜரிகையும் அடக்கமானவை. உடுத்தி உட்காரவும் எழவும் நடக்கவும் இயலும் என்பதே அதன் பெருமை. அந்தப் பெருமையை ஆண்டுக்கு மூன்று திருமண மேடைகளில் மட்டும் நிரூபித்தல் அதற்கு நீதி செய்வதாகாது. மேலும் பீரோவில் ஒரே மடிப்பில் நெடுநாள் கிடக்கும் பட்டில் மடிப்பு விளிம்பின் ஜரிகை கறுத்து, இழை வெட்டுப்படுகிறது. பருத்தித் துணியில் சுற்றிவைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை பிரித்து, காற்றாட விட்டு, மடிப்பை மாற்ற வேண்டும் என்பதை ஆரணியில் அறியாத பெண் இல்லை. பிரித்துக் காற்றாட விடுவதற்குக் கொடியைவிட உடம்பு சிறந்தது. ஆகவே ஞாயிறு மாலை ஐந்தாம் எல்லைக்கு, அதாவது கோயிலுக்கோ பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டின் விவரம் கேட்கவோ செல்லும்போது, மேல்தட்டிலிருந்து இறங்கிய ஓர் ஆரணிப் பட்டை உடுத்த வேண்டும். இது ஆடம்பரம் என்று கூறுவோர் பராமரிப்பு எது, ஆடம்பரம் எது என்ற வேறுபாட்டை அறியாதவர். ஆடியில் படவேடு ரேணுகாம்பாளிடம் செல்வோர்க்கு அது மஞ்சள் நிறமாக அமைதல் நன்று.

அந்தப் பட்டு இரட்டைப் பக்கப் புடவையாக இருத்தல் இன்னும் நன்று. ஆரணி நெசவாளர்கள் நெய்யும் இவ்வகையில் ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் வேறு நிறம்; இரு பக்கமும் வெளியே காட்டி உடுத்தலாம். தொகுதியில் இதை ஒன்றாக எண்ணுவதா, இரண்டாக எண்ணுவதா? சென்ற ஞாயிறு பச்சையில் பார்த்த உறவினர் இந்த ஞாயிறு அரக்கில் பார்த்து “புதுசா?” என்று கேட்பதால் இரண்டு என்பது ஒரு சாரார் கருத்து. கறை பட்டால் இரண்டும் ஒருங்கே கெடும். சலவைக்குப் போட்டால் ஒரே கூலி. பீரோவில் ஒரே இடம். ஆதலால் ஒன்று என்பதே ஏற்கத் தக்கது. கேள்வி கேட்ட உறவினருக்கு உண்மையைச் சொல்ல வேண்டிய கடமை எண்ணிக்கைக்கு வெளியே நிற்பது.

எண்ணிக்கையை இப்போது உறுதி செய்யலாம். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று மடிப்பில் என்ற முறைப்படி நைட்டி 3. துப்பட்டா 2, ஒன்று மகளுடையதாக இருக்கலாம். சுடிதார் 2. கைத்தறிப் பருத்திப் புடவை 2. இரட்டைப் பக்கப் பட்டு 1. துண்டும் தலையணை உறையும் வீட்டுப் பொதுச் சொத்து, தொகுதியில் சேரா. ஊக்கு எண்ணப்படுவதில்லை. ஆக மொத்தம் 10. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழையால் கொடியில் போட்ட நைட்டி மறுநாளும் காய்வதில்லை; அவ்விரு மாதங்களுக்கு மட்டும் 11.